'நம்ம ஆயாவோட அப்பா பேரு என்னக்கா?' - குடும்ப வரலாற்றை அண்ணன், தங்கைகள் சேர்ந்து தேடுவது எப்படி? முகையூர் சொல்லும் பாடம்

2025 நவம்பரில் தமிழ்நாட்டின் பல குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரி கேள்விகள் ஓடின. "அண்ணா, 2002-ல நாம எந்த பூத்துல ஓட்டு போட்டோம்?", "அம்மா பேரு லிஸ்ட்ல எப்படிப் போட்டிருக்கான்?", "தாத்தா பேருக்குப் பின்னாடி 'சாமி' உண்டா, இல்லையா?"

காரணம், எஸ்.ஐ.ஆர் எனப்படும் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம். நவம்பர் 4-ம் தேதி வீடு வீடாகப் படிவம் கொடுக்கும் பணி தொடங்கியது. இதற்கு முன் இப்படி ஒரு தீவிர திருத்தம் நடந்தது 2002-ல், சில தொகுதிகளில் 2005-ல். அந்தப் பழைய பட்டியலில் உங்கள் பெயரோ, பெற்றோர், தாத்தா, பாட்டி பெயரோ எங்கே இருக்கிறது என்று படிவம் கேட்டது.

டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வெளியானபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன.

ஓட்டுரிமை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவசர அவசரமாகத் தேடியாகிவிட்டது. ஆனால் அந்தத் தேடலில் வேறொன்றும் வெளியே வந்தது. தாத்தாவின் பெயர் தெரியும், எழுத்துக்கூட்டு தெரியாது. அம்மா பிறந்த ஊர் தெரியும். அது அன்றைக்கு எந்தத் தொகுதியில் இருந்தது என்று தெரியாது. பெரியக்காவுக்குத் தெரிந்தது தம்பிக்குத் தெரியாது. தம்பியின் பீரோவில் இருக்கும் காகிதம் அக்காவுக்குத் தெரியாது.

குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி? எங்கே தொடங்க வேண்டும்? விழுப்புரம் மாவட்டம் முகையூரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம்.

முகையூர் தொகுதி எங்கே போனது?

திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் முகையூர். கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம் வாழும் ஊர். இதே பெயரில் ஊராட்சி ஒன்றியமும் இருக்கிறது. ஒரு காலத்தில் இதே பெயரில் சட்டமன்றத் தொகுதியும் இருந்தது.

2006 தேர்தல்தான் முகையூர் தொகுதி சந்தித்த கடைசி சட்டமன்றத் தேர்தல். 2008-ல் தொகுதி மறுவரையறை உத்தரவு வந்தது. 2011 தேர்தலில் முகையூர் என்ற தொகுதியே இல்லை. திருக்கோவிலூர் தொகுதி வந்துவிட்டது.

அதனால் என்ன? 2002 அல்லது 2005 பட்டியலில் பெயர் தேடும் ஒருவர் "திருக்கோவிலூர்" என்று தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்காது. இன்று இல்லாத ஒரு தொகுதியின் பெயரைத்தான் அவர் தேட வேண்டும். அந்தப் பெயர் ஞாபகம் இருப்பது பெரும்பாலும் அன்றைக்கு ஓட்டு போட்ட அண்ணனுக்கோ அக்காவுக்கோதான். அப்போது ஸ்கூல் படித்த தம்பிக்குத் தெரிய வாய்ப்பில்லை.

தொகுதி மட்டுமல்ல, மாவட்டமும் மாறியிருக்கிறது.

* 1993 செப்டம்பர் 30 வரை இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டம். தலைநகர் கடலூர்.
* அதன்பிறகு தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் வந்தது.
* 2019 நவம்பர் 26-ம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. திருக்கோவிலூர் வட்டம் அங்கே போனது.
* முன்பு திருக்கோவிலூர் வட்டத்தில் இருந்த முகையூர், இப்போது கண்டாச்சிபுரம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

ஒரே வீடு, ஒரே தெரு. யாரும் குடிபோகவில்லை. ஆனாலும் தாத்தாவின் பத்திரத்தில் "தென்னாற்காடு மாவட்டம், திருக்கோவிலூர் தாலுகா" என்று இருக்கும். அப்பாவின் காகிதத்தில் "விழுப்புரம் மாவட்டம், திருக்கோவிலூர் வட்டம்". பேரனின் ஆதாரில் "கண்டாச்சிபுரம் வட்டம்". மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளியூர் அதிகாரிக்கு இவை மூன்று ஊர்கள்!

எனவே முதல் பாடம் இதுதான். பழைய காகிதத்தைத் தேடும்போது இன்றைய முகவரியை வைத்துத் தேடக் கூடாது. அந்தக் காகிதம் பிறந்த ஆண்டில் ஊருக்கு என்ன முகவரி இருந்ததோ, அதை வைத்துத் தேட வேண்டும்.

இனிஷியல் ஏன் சிக்கலாகிறது?

ஐரோப்பியக் குடும்பங்களில் ஒரே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக வரும். அதைப் பிடித்துக்கொண்டே நூறு, இருநூறு ஆண்டுகள் பின்னால் போகலாம். தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும்.

ஆனால் நம்மிடம் வேறொரு வழி இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது பழைய வழக்கம். பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் 'பேரன்' என்ற சொல்லே வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று முறை வைத்த குடும்பங்கள் உண்டு. வீட்டில் மூத்தவருக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டாலே ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம்.

முகையூர் போன்ற கத்தோலிக்க ஊர்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரே புனிதரின் பெயருக்குத் தமிழில் ஒரு வடிவம், லத்தீனில் ஒரு வடிவம், ஆங்கிலத்தில் ஒரு வடிவம். ராயப்பன், பெத்ருஸ், பீட்டர் மூன்றும் ஒரே பெயர். சின்னப்பன் என்றால் பால். அருளப்பன் என்றால் ஜான். சூசை என்றால் ஜோசப். சந்தியாகு என்றால் ஜேம்ஸ்.

கோயில் பதிவேட்டில் லத்தீன் வடிவம், வாக்காளர் பட்டியலில் தமிழ் வடிவம், கம்பெனி அடையாள அட்டையில் ஆங்கில வடிவம் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பார். போதாக்குறைக்கு ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று இருக்கும். "பெரியவரு", "கட்டையன்", "மேஸ்திரி" என்று. இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, கூடப் பிறந்தவர்.

அண்ணன் ஒரு கதை, தங்கை ஒரு கதை... யார் சொல்வது உண்மை?

உடன்பிறந்தவர்கள் உட்கார்ந்து பழைய கதை பேசினால் அரை மணி நேரத்தில் ஒரு சண்டை வந்துவிடும். "கிணத்துல விழுந்தது நான்தாண்டா" என்பார் அண்ணன். "இல்ல, நான்தான் விழுந்தேன், நீ மேல நின்னு கத்துன" என்பார் தம்பி. இருவருமே பொய் சொல்லவில்லை. இருவருக்குமே தண்ணீரின் குளிர் வரை ஞாபகம் இருக்கும்.

இதை ஆய்வாளர்களும் கவனித்திருக்கிறார்கள். மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் ஆகியோர் இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வு 2001-ல் வெளியானது. 20 ஜோடி இரட்டையர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டார்கள். அவர்களில் 14 ஜோடிகள், "இது எனக்கு நடந்தது" என்று இருவருமே உரிமை கொண்டாடிய நினைவு ஒன்றையாவது சொன்னார்கள்.

பலமுறை கேட்ட கதையை மனம் படமாக்கிக்கொள்கிறது. நாளடைவில் அந்தப் படத்துக்குள் நாமே போய் நின்றுகொள்கிறோம்.

வயதும் முக்கியம். பெரும்பாலானோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய நினைவுகள் தங்குவதில்லை. அதேசமயம் சுமார் 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவை முதுமையிலும் தெளிவாக நிற்கின்றன என்று நினைவாற்றல் ஆய்வுகள் சொல்கின்றன.

இதைக் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஐந்து பிள்ளைகள், மூத்தவருக்கும் கடைசிப் பிள்ளைக்கும் 14 வயது வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் கண்டது கூரை வீடு, அரிக்கேன் விளக்கு, இளவயது அப்பா. கடைசிப் பிள்ளை கண்டது ஓட்டு வீடு, டேப் ரெக்கார்டர், நரை விழுந்த அப்பா. ஒரே அப்பா அம்மாதான். ஆனால் வளர்ந்த வீடு ஒன்றல்ல.

கடைசிப் பிள்ளை பிறப்பதற்கு முந்தைய 14 ஆண்டுகளுக்கு உயிரோடு இருக்கும் சாட்சி மூத்தவர் மட்டுமே. அவருக்கு 70 வயது தாண்டிவிட்டது என்றால், பேச வேண்டியதை ஒத்திப்போட நேரம் இல்லை.

எப்படி உட்கார்ந்து பேசுவது?

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு செல்போன், ஒரு நோட்டு போதும். ஆனால் சில முறைகளைக் கடைப்பிடித்தால் கிடைக்கும் தகவல் பல மடங்கு பயன்படும்.

முதலில் தனித்தனி, பிறகு ஒன்றாக: எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுபவரின் கதைதான் எல்லோருடைய கதையாகவும் ஆகிவிடும். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுப் பதிவு செய்த பிறகு சேர்ந்து பேச வைக்கலாம்.

தேதியைக் கேட்காதீர்கள், பொருளைக் கேளுங்கள்: "எந்த வருஷம்?" என்று கேட்டால் "தெரியல" என்ற பதில்தான் வரும். "அப்போ அடுப்படி எங்க இருந்துச்சு? மல்லாட்டையை யார் நிலத்துல புடுங்கினோம்? ஏரில தண்ணி இருந்துச்சா? நுங்கு வண்டி யாரு செஞ்சு குடுத்தா?" என்று கேளுங்கள். வீட்டையும் தெருவையும் வரையச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வந்தால், அதன் பின்னாலேயே உறவும் வரும்.

ஊரறிந்த நிகழ்வை அளவுகோலாக வையுங்கள்: 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது யார் யார் ஸ்கூலில் இருந்தார்கள்? 1984 அக்டோபர் 31-ம் தேதி இந்திரா காந்தி இறந்தபோது அம்மா எந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார்? 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர் இறந்த அன்று வீட்டில் டிவி இருந்ததா, ரேடியோவா? 2004 சுனாமிக்கு முன்னா, பின்னா? இப்படிக் கேட்டால் வருடம் தானாகவே பிடிபடும்.

முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்: "அண்ணன் சொன்னது", "தங்கச்சி சொன்னது" என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். பஞ்சாயத்து வேண்டாம். பிறகு ஒரு காகிதம் கிடைக்கும்போது எது சரி என்று தெரிய வரலாம். தெரியாமலே போனாலும் பரவாயில்லை.

சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள்: ரகசியமாக ரெக்கார்டு செய்வது பிறகு பெரிய மனக்கசப்பில் முடியும். யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்பதையும் பேசுபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் காகிதத்தில் என்ன கிடைக்கும்?

நினைவில் இருந்து பெயர், ஊர், ஏறத்தாழ வருடம் மூன்றும் கிடைத்துவிட்டால் ஆவணங்களைத் தேடத் தொடங்கலாம். இந்த மூன்றும் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "எந்த வருஷம், எந்தப் பேரு?" என்ற கேள்வியோடு திரும்பி வர வேண்டியதுதான்.

ஞானஸ்நானப் பதிவேடு: ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1563-லேயே திரெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கட்டளையிட்டது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானத்தாய், ஞானத்தந்தை ஆகிய விவரங்கள் இதில் இருக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து வேறு ஊரில் திருமணம் செய்துகொண்டாலோ, குருவாகவோ கன்னியராகவோ ஆனாலோ, அதே பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதுவதும் விதி. முகையூர் இருப்பது புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தில். பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் உறவையும் காரணத்தையும் சொல்லி பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்க வேண்டும். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

குலதெய்வக் கோயில், ஜமாஅத்: இந்துக் குடும்பங்களுக்குக் குலதெய்வமே ஒரு தடயம். முன்னோர் எந்த ஊரிலிருந்து பெயர்ந்து வந்தார்கள் என்பதற்கு, "கும்பிட எங்க போவோம்?" என்ற கேள்வியில் பதில் இருக்கும். அங்கே கூடுபவர்கள்தான் பங்காளிகள். தலைக்கட்டு வரி வாங்கிய நோட்டு இருந்தால் குடும்பத் தலைவர்களின் பெயர் வரிசையே கிடைக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு: அப்பா பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு இதில் இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு தலைமுறைக்கு முன்பு, வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட்டால் ஆறு வயது என்று கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். வாத்தியார் எழுதியதுதான் பிறந்த தேதி. அதனால் அந்தக் காலத்து பள்ளித் தேதியும் உண்மையான பிறந்த நாளும் பொருந்தாமல் போவது சகஜம்.

பிறப்பு, இறப்புப் பதிவு: பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அந்தக் காலத்தில் வீட்டில் நடந்த பிரசவங்கள் பல பதிவாகவே இல்லை. பதிவானவற்றிலும் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிட்டதுதான் காரணம். அப்பா, அம்மா பெயரையும் தேதியையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

பத்திரம்: பழைய கிரயப் பத்திரத்தில் "இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று ஆளை அடையாளம் சொல்வார்கள். ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். நிலத்துக்கு நான்கு பக்கமும் யார் நிலம் என்று எழுதும் சக்குபந்தியை விட்டுவிடாதீர்கள். பங்காளிகள் பிரித்துக்கொண்ட நிலம் என்றால், எல்லையில் இருப்பது பெரியப்பா, சித்தப்பா பெயராக இருக்கும்.

பட்டா, அ-பதிவேடு: தமிழ்நாட்டில் 1979-ல் தொடங்கி 1980-களில் முடிந்த யு.டி.ஆர் நில ஆவணத் திருத்தத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய ஆவணத்தில் தாத்தா பெயரும், பிந்தைய ஆவணத்தில் அப்பா பெயரும் இருக்கலாம். இன்றைய பட்டா, அ-பதிவேடு விவரங்களை அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம். பழையவற்றுக்குத் தாலுகா அலுவலகம் போக வேண்டும்.

மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை: இவற்றை யாரும் ஆவணமாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு மொய் நோட்டில் ஊர் பெயரோடு நூற்றுக்கணக்கான உறவினர்கள் இருக்கிறார்கள். எந்தெந்த ஊரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பது அதில் தெரியும். கருமாதிப் பத்திரிகையில் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று வரிசையே போட்டிருப்பார்கள்.

அக்கா, தங்கைகள் எங்கே காணாமல் போகிறார்கள்?

குடும்ப மரம் வரையும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். ஆண்கள் வழி நீளமாகப் போகும். பெண்கள் வழி கல்யாணத்தோடு நின்றுவிடும்.

காரணம், ஆவணங்கள் அப்படித்தான் எழுதப்பட்டன. கல்யாணத்துக்கு முன் இன்னார் மகள், கல்யாணத்துக்குப் பின் இன்னார் மனைவி. 2002 பட்டியலில் தேடிய பல பெண்கள் இந்தச் சிக்கலில் மாட்டினார்கள். அவர்களுடைய பெற்றோர் பெயர் இருப்பது பிறந்த ஊர்ப் பட்டியலில். அந்த ஊரின் பாகம் எண், வரிசை எண் தெரிந்தவர்கள் அங்கேயே இருக்கும் அண்ணன், தம்பிகள்.

சொத்து ஆவணங்களிலும் இதே கதைதான். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன், தம்பிகள் மட்டுமே இருப்பார்கள். அக்கா, தங்கைகளின் பெயர் வருவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில். அதாவது "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்ட இடத்தில். ஒரு பெரிய அத்தையின் பெயரும் ஊரும் தெரியவில்லை என்றால் அங்கே தேடிப் பாருங்கள்.

சட்டம் இப்போது எப்படி? இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் திருத்தியது. நாடு முழுவதற்கும் 2005-ல் மத்திய அரசு திருத்தியது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் இறந்தவரின் பிள்ளைகளில் மகன், மகள் வித்தியாசம் அதில் இல்லை.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. "அப்பாவோட பழைய பத்திரத்தைக் காட்டுண்ணா" என்று தங்கை கேட்டால், பங்கு கேட்க வருகிறாள் என்று அண்ணன் வீட்டில் சந்தேகம் வரும். அந்தப் பயத்திலேயே பல தங்கைகள் கேட்பதில்லை. நினைவுப் பேச்சையும் சொத்துப் பேச்சையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. "இன்னைக்குக் கதை மட்டும்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வாய் திறக்கும்.

கப்பல் ஏறிப் போனவர்களை எப்படித் தேடுவது?

"தாத்தாவோட தம்பி ஒருத்தர் கப்பல் ஏறிப் போனாரு, அப்புறம் ஒரு சேதியும் இல்ல." தென்னாற்காட்டுக் குடும்பங்களில் இப்படி ஒரு வரிக் கதைகள் உண்டு. மொரீஷியஸ், நேட்டால், மலேயா, பிரெஞ்சுத் தீவுகள் என்று 19-ம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏராளம்.

இவர்களைத் தேட ஆவணம் இருக்கிறது. இன்றைய தென்னாப்பிரிக்காவின் பகுதியான நேட்டாலுக்கு 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கூடவே பெயர், அப்பா பெயர், வயது, மாவட்டம், கிராமம், உடலில் இருந்த அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸில் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் ஒப்பந்தக் கூலிகளின் பதிவுகளைப் பாதுகாக்கிறது. பலருடைய புகைப்படங்களும் அங்கே உண்டு.

அங்கே இருக்கும் பேரப் பிள்ளைகளிடம் காகிதம் இருக்கிறது. அதில் "தென்னாற்காடு" என்ற மாவட்டப் பெயரும், தப்பும் தவறுமாக எழுதிய ஒரு கிராமத்தின் பெயரும் இருக்கும். ஆனால் இன்றைய வரைபடத்தில் தென்னாற்காடே இல்லை. இங்கே இருப்பவர்களிடம் கதை இருக்கிறது, காகிதம் இல்லை. இரண்டும் சந்தித்தால்தான் அந்தத் தம்பி யாரென்று தெரியும். அதற்கு இங்கே யாராவது அந்த ஒரு வரிக் கதையை எழுதி வைத்திருக்க வேண்டும்.

பேசாமல் விட்ட கதைகளை என்ன செய்வது?

எல்லா நினைவும் இனிமையாக இருக்காது. அப்பாவின் இரண்டாவது குடும்பம், கடனுக்கு விட்ட நிலம், கொத்தடிமையாக வேலை செய்த வருடங்கள், சாதியின் பேரால் பட்ட அவமானம், காதல் கல்யாணத்தால் ஒதுக்கிய அக்கா என்று ஒவ்வொரு வீட்டிலும் மூடி வைத்த பெட்டி ஒன்று இருக்கும்.

இதில் அதிகம் விடுபடுவது இறந்துபோன குழந்தைகள். "எங்கம்மா எட்டு பெத்து அஞ்சு தங்குச்சு" என்று பெரியவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அந்த மூன்று குழந்தைகளுக்குப் பெயர் இருந்ததா, எங்கே புதைத்தார்கள் என்பது மூத்த பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். வாக்காளர் பட்டியலில் அவர்கள் வரப்போவதில்லை. பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி, அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கலாம். மற்றவர்களுக்கு அக்காவின் நினைவுதான் ஒரே பதிவு.

சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. "அதை விடு" என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். இன்னொரு நாள் அவராகவே தொடங்குவார்.

பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன்?

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகியோர் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டு ஆய்வு செய்தார்கள். 'உன் அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள் என்று தெரியுமா?', 'நீ பிறந்த கதை தெரியுமா?' போன்ற எளிய கேள்விகள்தான். குடும்பக் கதைகளை அதிகம் தெரிந்துவைத்திருந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்ததாக அவர்கள் கண்டார்கள்.

கதை சொன்னதால்தான் தன்னம்பிக்கை வந்தது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. கதை சொல்லும் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் பழக்கமும் இருந்திருக்கும். அதுவும் சேர்ந்தே வேலை செய்யும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை என்னென்ன?

2024 நவம்பர் 30-ம் தேதி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர கிராமங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அடித்தட்டில் வைத்த காகிதத்துக்கு ஒரு ராத்திரி வெள்ளம் போதும்.

* வீட்டில் இருக்கும் பழைய பத்திரம், டி.சி, ரேஷன் கார்டு, பத்திரிகை, போட்டோ எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து, குறைந்தது இரண்டு உடன்பிறப்புகளிடம் வைத்திருங்கள்.
* பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த வீட்டு விசேஷம் என்று குறியுங்கள்.
* மூத்தவரிடம் முதலில் பேசுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.
* ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாற்றுப் பெயர், கூப்பிட்ட பெயர், பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர் நான்கையும் எழுதுங்கள்.
* ஊர்ப் பெயரோடு அன்றைய தாலுகா, மாவட்டம், தொகுதியையும் எழுதுங்கள். முகையூர்க்காரர்கள் என்றால் தென்னாற்காடு, திருக்கோவிலூர் தாலுகா, முகையூர் தொகுதி என்ற மூன்றும் நோட்டில் இருக்கட்டும்.

அடுத்த முறை ஏதாவது ஒரு படிவம் வரும். அது வாரிசுச் சான்றிதழாக இருக்கலாம், பட்டா மாற்றமாக இருக்கலாம், வேறு ஏதோ கணக்கெடுப்பாக இருக்கலாம். அன்றைக்கும் "தாத்தா பேரு என்ன?" என்றுதான் கேட்பார்கள். அந்த பதில் இன்று பெரியக்காவிடம் இருக்கிறது. அவரிடம் கேட்க ஒரு போன் கால் போதும்.